ஆகாப் இறந்தது எந்த வருடம்?

கி.மு. 763 ஜூன் 15. அன்று அசீரியாவில் சூரிய கிரகணம். பழங்கால வரலாற்றில் நாள், மாதம், வருடம் மூன்றையும் சேர்த்து இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிற சம்பவங்கள் மிகக் குறைவு. வேதாகமத்தின் இராஜாக்கள் புத்தகங்களில் இந்தக் கிரகணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் இஸ்ரவேலின் ராஜா ஆகாப் எந்த வருடம் இறந்தான், அங்கே யெகூ எந்த வருடம் ஆட்சிக்கு வந்தான் என்று கேட்டால் பதில் அந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டே உட்காருங்கள்.

இராஜாக்கள் புத்தகங்களில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. தெற்கே யூதாவில் யோசபாத் ஆண்ட 17-ஆம் வருடத்தில் வடக்கே இஸ்ரவேலில் அகசியா ராஜாவானான், 2 வருடம் ஆண்டான் என்று இருக்கும். அந்த யோசபாத்தின் காலத்தைத் தேடிப் போனால், அவன் ஆகாபின் 4-ஆம் வருடத்தில் ராஜாவானான் என்று வரும். தெற்கு ராஜ்யத்தை வடக்கு ராஜ்யத்தால் அளப்பது, வடக்கைத் தெற்கால் அளப்பது, இப்படியே போகிறது கணக்கு. யார் முன், யார் பின், எத்தனை வருட இடைவெளி என்பதெல்லாம் இதிலிருந்து கிடைத்துவிடும். நம் சுவரில் தொங்கும் காலண்டரோடு அதை இணைக்கத்தான் உள்ளே எதுவும் இல்லை. அதற்கு வெளியாள் ஒருவன் வேண்டும். அதே ராஜாவை அவனும் பார்த்திருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும், அவன் எழுதிய வருடம் எது என்று நமக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

அந்த வெளியாள் அசீரியன்.

அசீரியர்கள் வருடத்துக்கு எண் போடாமல் பெயர் வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு ராஜாவின் பெயர், இன்னொன்றுக்குச் சேனாதிபதியின் பெயர், பிறகு அரண்மனை அதிகாரிகள், மாகாண ஆளுநர்கள் என்று வரிசை போகும். வருடத்துக்குப் பெயர் தருகிற அந்த அதிகாரியை லிம்மு என்றார்கள். கடன் பத்திரமோ நில விற்பனையோ, களிமண் பலகையில் இன்னார் லிம்முவாக இருந்த வருடம் என்றுதான் தேதி விழும். பெயரை வைத்து வருடத்தை எண்ண வேண்டுமென்றால் வரிசை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எனவே எழுத்தர்கள் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நினிவேயைத் தோண்டியபோது அந்தப் பட்டியலின் பிரதிகள் வெளியே வந்தன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் 250 வருடங்களுக்கும் மேல் அறுந்துபோகாமல் ஓடுகிறது வரிசை. சில பிரதிகளில் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த வருடத்துச் செய்தி ஒன்றும் இருக்கும். எந்த நாட்டின்மேல் படை போனது, எங்கே கொள்ளைநோய் வந்தது, இப்படி.

அதில் குசானா மாகாணத்து ஆளுநர் பூர்-சகலேயின் வருடத்துக்கு எதிரே இரண்டு செய்திகள் இருக்கின்றன. அசூர் நகரில் கலகம் நடந்தது. சிமானு மாதத்தில் சூரியனுக்குக் கிரகணம் பிடித்தது.

வரப்போகும் கிரகணத்தைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்கிறது. அதே கணக்கைப் பின்னோக்கியும் போடலாம். பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் நூற்றாண்டுகள் போகப்போக மிக மெல்லக் குறைந்துவருவதால், 2,700 வருடம் பின்னால் போகும்போது சில மணி நேரத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்து பார்த்தால், சிமானு மாதம் விழும் மே-ஜூன் பருவத்தில் அசீரியாவில் பெரிதாகத் தெரிந்திருக்கக்கூடிய கிரகணம் கி.மு. 763 ஜூன் 15-இல் வருகிறது. 1867-இல் ஹென்றி ராலின்சன் இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்தார்.

அந்த நூற்றாண்டில் வேறு கிரகணங்களும் உண்டே, இதுதான் அது என்று எப்படிச் சொல்வது? நியாயமான சந்தேகம். இதைச் சோதிக்க இன்னொரு வழி, முற்றிலும் வேறு திசையிலிருந்து வருகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலாளர் தாலமி, கி.மு. 747 முதல் பாபிலோனை ஆண்ட ராஜாக்களின் வரிசையை வைத்திருந்தார். அவர் குறித்த பழைய கிரகணங்களுக்கு அந்த ராஜாக்களின் ஆட்சியாண்டுதான் தேதி. கி.மு. 721 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணம் மெரோதாக்பலாதானின் முதல் வருடத்துக்குரியது. யூதாவின் ராஜா எசேக்கியா வியாதியாய்க் கிடந்து எழுந்தபின் அவனிடம் ஆள் அனுப்பி விசாரித்தானே, அதே மெரோதாக்பலாதான். இவனைத் துரத்திவிட்டு அசீரிய ராஜா சர்கோன் பாபிலோனையும் சேர்த்து ஆண்டபோது, அவனது அசீரிய ஆட்சியின் 13-ஆம் வருடம் பாபிலோன் கணக்கில் முதல் வருடம், அதாவது கி.மு. 709. அங்கிருந்து லிம்மு பட்டியலில் பெயர் பெயராக மேலே எண்ணிக்கொண்டே போனால் பூர்-சகலே 763-இல் வந்து நிற்கிறார். இரண்டு பாதைகளும் ஒரே வருடத்தில் முடிகின்றன. இதற்குப் பிறகும் சந்தேகப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனி ஆகாபிடம் வரலாம். துருக்கியில் திக்ரிஸ் ஆற்றங்கரையில் உள்ள குர்க் என்ற இடத்தில் 1861-இல் ஒரு கல் கிடைத்தது. அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் உருவம் செதுக்கி, அதன்மேலேயே வரிவரியாக எழுத்து வெட்டிய கல். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தயான்-அசூர் லிம்முவாக இருந்த வருடம், அயாரு மாதம் 14-ஆம் தேதி நினிவேயிலிருந்து கிளம்பினேன் என்று தொடங்கி, கார்கார் என்ற இடத்தில் தன்னை எதிர்த்து நின்ற ராஜாக்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகிறான் சல்மனாசார். அந்த வரிசையில் இஸ்ரவேலனாகிய ஆகாப், 2,000 ரதம், 10,000 காலாட்கள். ரதங்களின் எண்ணிக்கை மிகை என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளும் ராஜா எதிரியின் பலத்தைக் கூட்டிச் சொல்வது புதிதில்லை. நமக்கு வேண்டியது ரதம் அல்ல, வருடம். பூர்-சகலேயிலிருந்து 90 பெயர் மேலே போனால் தயான்-அசூர். 763-உம் 90-உம் 853. கி.மு. 853-இல் ஆகாப் உயிரோடு இருந்தான், படை நடத்தினான். வேதாகமம் இந்தக் கார்கார் போரைச் சொல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது யெகூ. 1846-இல் நிம்ருத் மேட்டில் லேயர்ட் தோண்டியெடுத்த கறுப்புக் கல்தூண், ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று மேல். நான்கு பக்கமும் சுற்றி, திறை கொண்டுவருகிறவர்களைப் பட்டை பட்டையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பட்டையில் தாடி வைத்த ஒருவன் சல்மனாசாரின் காலடியில் நெற்றி தரையில் படக் கவிழ்ந்து கிடக்கிறான். அவன் பின்னால் வரிசையாக ஆட்கள், கையில் பாத்திரமும் மூட்டையுமாக. மேலே எழுத்து, உம்ரியின் குமாரன் யெகூவின் திறை என்று. வேதாகமத்தின்படி யெகூ, ஆகாபின் தகப்பனான உம்ரியின் வம்சத்தையே அழித்தவன். அசீரியனுக்கு அந்த ஊர் உம்ரியின் வீடு, அங்கே யார் உட்கார்ந்தாலும் உம்ரியின் பிள்ளை, அவ்வளவுதான். கவிழ்ந்து கிடப்பது யெகூவே தானா, அவன் அனுப்பிய தூதனா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. திறை வந்தது சல்மனாசாரின் 18-ஆம் ஆட்சியாண்டில் என்று அவனுடைய வேறு பதிவுகள் சொல்கின்றன. அது கி.மு. 841.

ஆக, 853-இல் ஆகாப் ராஜா. 841-இல் யெகூ ராஜா. நடுவில் 12 வருடம். இந்த இடைவெளியில் வேதாகமத்தின்படி இரண்டு பேர் ஆண்டிருக்கிறார்கள். ஆகாபின் மகன் அகசியா 2 வருடம், அவன் தம்பி யோராம் 12 வருடம்.

எங்கள் ஊரில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது இந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். “தம்பி, ரெண்டும் பன்னெண்டும் பதினாலு. கல்லு பன்னெண்டுங்குது. அப்போ வேதம் தப்புன்னு சொல்லுதியா?”

“இல்லை அண்ணாச்சி. அவங்க வருஷத்தை எப்படி எண்ணினாங்கன்னு முதல்ல பாப்போம்” என்றேன்.

நம் வீடுகளில் வயது சொல்வதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 60 முடிந்துவிட்டது என்பார், அவரையே இன்னொருவர் 61 நடக்கிறது என்பார். இரண்டும் சரி. முடிந்ததை எண்ணுகிறோமா, நடப்பதை எண்ணுகிறோமா என்பதுதான் வித்தியாசம். அந்தக் காலத்து இஸ்ரவேலில் நடப்பு வருடத்தை எண்ணினார்கள். ஒரு ராஜா வருடத்தின் நடுவில் இறந்து மகன் பட்டத்துக்கு வந்தால், அந்த ஒரே வருடம் தகப்பனுக்குக் கடைசி வருடம், மகனுக்கு முதல் வருடம். இரண்டு பேர் கணக்கிலும் விழும். இப்படி எண்ணிப் பார்ப்போம். 853-இல் ஆகாப் இறக்கிறான், அது அகசியாவின் முதல் வருடம். 852 அகசியாவுக்கு இரண்டாம் வருடம், அவன் மாடத்திலிருந்து விழுந்து, அந்த வியாதியிலேயே இறக்கிறான். அதே 852 யோராமின் முதல் வருடமும் ஆகிறது. அங்கிருந்து விரல்விட்டு எண்ணுங்கள். யோராமின் 12-ஆம் வருடம் 841. அந்த வருடமே யெகூ அவனைக் கொன்று ராஜாவாகி, அதே வருடத்தில் சல்மனாசாருக்குத் திறையும் கட்டுகிறான்.

14 என்று எழுதியது 12-க்குள் அடங்கிவிட்டது. அதைவிட அழகு என்னவென்றால், இதில் ஒரு வருடம்கூட முன்னே பின்னே தள்ள இடமில்லை. ஆகாப் 853-க்கு முன் இறந்திருந்தால் கார்காரில் இருந்திருக்க முடியாது. யெகூ 841-க்குப் பின் வந்திருந்தால் திறை கட்டியிருக்க முடியாது. ஆகவே ஆகாப் இறந்தது 853, யெகூ வந்தது 841.

அண்ணாச்சி விடவில்லை. “நமக்குத் தோதா எண்ணிக்கிட்டோம்னு ஒருத்தன் சொல்லலாமே?” சொல்லலாம். அதற்குப் பதில் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. அகசியா ராஜாவானது யோசபாத்தின் 17-ஆம் வருடம் என்கிறது 1 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரம். அவன் தம்பி யோராம் ராஜாவானது யோசபாத்தின் 18-ஆம் வருடம் என்கிறது 2 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரம். 17-க்கும் 18-க்கும் நடுவே 2 வருட ஆட்சி எப்படி நடக்கும்? நடப்பு வருடத்தை எண்ணினால் மட்டுமே நடக்கும். எண்ணும் முறை அந்தப் பக்கத்திலேயே இத்தனை காலமும் இருந்தது. அதைக் கவனிக்க வைத்தது அசீரியக் கல்.

எட்வின் தீலே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1951-இல் வெளியிட்ட நூலில் இந்த வழியில் எல்லா ராஜாக்களின் கணக்கையும் அவிழ்க்க முயன்றார். பெருமளவு வெற்றியும் கண்டார். ஆனால் சில முடிச்சுகளை அவிழ்க்க, தகப்பனும் மகனும் சில வருடம் சேர்ந்து ஆண்டார்கள் என்று அவர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்து ஆண்டதாக எழுதப்பட்டிருக்கிற இடங்களும் உண்டு, எழுதப்படாமல் அவர் ஊகித்த இடங்களும் உண்டு. ஊகித்த இடங்களில் வருகிற தேதியை நான் 853-க்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை.

அவிழாத முடிச்சும் இருக்கிறது. அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின்மேல் வந்தது கி.மு. 701, அவனுடைய பதிவுகள் இதில் தெளிவு. எசேக்கியா கொடுத்த பொன் 30 தாலந்து என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. வெள்ளி அசீரியக் கணக்கில் 800, வேதாகமத்தில் 300. வருடத்துக்கு வந்தால், சனகெரிப் வந்தது எசேக்கியாவின் 14-ஆம் வருடம் என்கிறது 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம். அப்படியானால் எசேக்கியா 715 வாக்கில் பட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். அதே அதிகாரத்தில் சில வசனம் முன்னால், வடக்கு ராஜ்யத்தின் தலைநகர் சமாரியா விழுந்தது எசேக்கியாவின் 6-ஆம் வருடம் என்றும் இருக்கிறது. சமாரியா விழுந்தது 722 அல்லது 721. அப்படிப் பார்த்தால் அவன் 728, 727 வாக்கிலேயே வந்துவிட்டான். நடப்பு வருடம், முடிந்த வருடம் என்று எப்படி எண்ணினாலும் 12 வருட வித்தியாசம் கரையாது. ஆய்வாளர்களில் ஒரு சாரார் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், இன்னொரு சாரார் மற்றதை. 701 மட்டும் அசையாமல் நிற்கிறது.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை முதல் முறை பிடித்ததற்கோ தேதியே கிடைத்திருக்கிறது. பாபிலோனிய எழுத்தர்கள் வருடவாரியாக எழுதிவைத்த நிகழ்ச்சிக் குறிப்புகளில் ஒரு சிறிய களிமண் பலகை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பல வருடம் படிக்கப்படாமல் இருந்தது. டொனால்ட் வைஸ்மன் அதை 1956-இல் வெளியிட்டார். 7-ஆம் வருடம் கிஸ்லேவு மாதத்தில் ராஜா படையோடு கிளம்பினான், யூதாவின் நகரத்தை முற்றுகையிட்டான், ஆதார் மாதம் 2-ஆம் தேதி பிடித்தான், அங்கிருந்த ராஜாவைச் சிறைப்பிடித்து, தனக்குப் பிடித்த ஒருவனை ராஜாவாக வைத்தான், பெருந்திறை வாங்கிக்கொண்டு திரும்பினான். பெயர் சொல்லாவிட்டாலும் யார் யார் என்று 2 இராஜாக்கள் 24-ஆம் அதிகாரம் படித்தவருக்குத் தெரியும். போனவன் யோயாக்கீன், வந்தவன் சிதேக்கியா.

அந்த 7-ஆம் வருடம் எது? பெர்லினில் இருக்கிற இன்னொரு களிமண் பலகை இதற்கு விடை. நேபுகாத்நேச்சாரின் 37-ஆம் வருடத்தில் வானத்தைப் பார்த்து எழுதிய குறிப்புகளின் பிரதி அது. நிலா எந்த நட்சத்திரத்தின் அருகே நின்றது, சனி எங்கே, வெள்ளி எங்கே, செவ்வாய் எங்கே என்று மாதம் மாதமாக இருக்கிறது. ஒரு கிரகத்தின் நிலையை மட்டும் வைத்தால் பல வருடங்கள் பொருந்தலாம். இத்தனை நிலைகளும் ஒன்றாகப் பொருந்தும் வருடம் கி.மு. 568-67 மட்டுமே. 37-ஆம் வருடம் அது என்றால் 7-ஆம் வருடம் 598-97. ஆதார் 2 என்பது கி.மு. 597 மார்ச் 16.

இதிலும் அந்தப் பழைய எண்ணும் விவகாரம் தலைகாட்டுகிறது. யோயாக்கீன் பிடிபட்டது நேபுகாத்நேச்சாரின் 8-ஆம் வருடம் என்கிறது 2 இராஜாக்கள். எரேமியா 52-ஆம் அதிகாரம் 7-ஆம் வருடத்தில் கொண்டுபோனவர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. பாபிலோனில் ராஜா பட்டமேறிய வருடத்தில் மீதியிருக்கும் மாதங்களை எண்ணமாட்டார்கள், அடுத்த புத்தாண்டிலிருந்துதான் ஒன்று. நேபுகாத்நேச்சார் பட்டமேறியது 605-இல், அவர்களுக்கு முதல் வருடம் 604. எருசலேமில் உட்கார்ந்து 605-ஐயே ஒன்று என்று எண்ணியவருக்கு அதே சம்பவம் 8-ஆம் வருடம். பாபிலோன் கணக்கோடு ஒத்துப்போகிற குறிப்பு ஒன்றும் ஊர்க் கணக்கு ஒன்றுமாக இரண்டையும் வேதாகமம் பத்திரமாக வைத்திருக்கிறது. பின்னால் வந்த யாரும் ஒன்றைத் திருத்தி மற்றதோடு ஒட்டவைக்கவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிறைப்பட்டுப் போன யோயாக்கீன் பாபிலோனில் இருந்ததற்கும் சீட்டு இருக்கிறது. கோல்டேவே என்ற ஜெர்மானியர் பாபிலோனைத் தோண்டியபோது அரண்மனைக் கிடங்கில் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்குப் பலகைகள் கிடைத்தன. யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கு இவ்வளவு, அவன் குமாரர் ஐந்து பேருக்கு இவ்வளவு. அவற்றில் ஒன்றின் தேதி நேபுகாத்நேச்சாரின் 13-ஆம் வருடம், கி.மு. 592.

எருசலேம் இரண்டாம் முறை விழுந்து ஆலயம் எரிந்தது 587-ஆ, 586-ஆ? புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பாபிலோனியக் குறிப்புப் பலகை நேபுகாத்நேச்சாரின் 11-ஆம் வருடத்தோடு நின்றுபோகிறது. அதற்குப் பிந்திய பலகை நம் கையில் இல்லை. வேதாகமத்தில் ஒரு இடத்தில் 18-ஆம் வருடம், இன்னொரு இடத்தில் 19-ஆம் வருடம். 19 என்பது ஊர்க் கணக்கானால் 587, பாபிலோன் கணக்கானால் 586. யூதாவில் வருடம் வசந்தத்தில் தொடங்கியதா, அறுவடை முடிந்து மழைக்கு முன் தொடங்கியதா என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதுவதே நேர்மை.

853-க்கு மேலே போகப்போகப் பிடிமானம் தளர்கிறது. ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது 930 வாக்கில் என்பது ஆட்சிக்காலங்களைக் கூட்டி வருகிற எண். யூதாவின் ராஜா ரெகொபெயாமின் 5-ஆம் வருடத்தில் எகிப்தின் ராஜா சீஷாக் படையெடுத்து வந்தான், அது 925 என்று பல நூல்களில் பார்த்திருப்பீர்கள். சீஷாக்கின் படையெடுப்பை எகிப்தின் கர்நாக் கோயில் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் அவனுடைய வருடங்களை நிர்ணயிக்கவே ஆய்வாளர்கள் பெருமளவு வேதாகமக் கணக்கைத்தான் பயன்படுத்தினார்கள். அதே எண்ணைத் திருப்பி எடுத்து வேதாகமக் கணக்குக்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது. இதுபோல வட்டமடிக்கிற சான்றுகளை அடையாளம் கண்டு ஒதுக்குவது இந்த வேலையில் பாதி.

எகிப்திலிருந்து புறப்பட்ட வருடத்தையும் அண்ணாச்சி கேட்டார். பிள்ளைகள் முதலில் கேட்பதே அதைத்தானாம். சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியதற்கு 480 வருடம் முன் என்கிறது 1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரம். ஆலயம் 966 வாக்கில் என்று வைத்தால் 1446 வருகிறது. அடிமைகளாக அவர்கள் கட்டிய ஊரின் பெயர் ராமசேஸ் என்கிறது யாத்திராகமம், அந்தப் பெயர் கொண்ட பெரிய ராஜா ஆண்டதோ 13-ஆம் நூற்றாண்டில். 480 என்பது 12 தலைமுறையை 40 வருடத்தால் பெருக்கிய கணக்காக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். எந்தப் பக்கமும் தயான்-அசூரைப் போலப் பெயர் சொல்லி நிற்க ஒரு சாட்சி இல்லை.

ஒரு எல்லைக்கோடு மட்டும் உண்டு. 1896-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் தீப்ஸில் கண்டெடுத்த கல்வெட்டில், எகிப்து ராஜா மெர்னெப்தா கானானில் தான் அடக்கியதாகச் சொல்லும் பெயர்களில் அஸ்கலோன், கேசேர், யானோவாம் என்று ஊர்கள் வருகின்றன, கூடவே இஸ்ரவேல். ஊர்களின் பெயருக்குப் பின்னால் ஊரையும் நாட்டையும் குறிக்கும் அடையாளம் இருக்கிறது. இஸ்ரவேலின் பின்னால் மட்டும் ஓர் ஆணும் பெண்ணும் பன்மைக் கோடுகளும், அதாவது மக்கள் கூட்டம். வருடம் சுமார் கி.மு. 1208. அந்த வருடத்தில் இஸ்ரவேல் என்ற மக்கள் கானானில் இருந்தார்கள். அதற்குப் பிந்திய தேதி எதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், அதற்கு முந்தியதில் எது என்று யார் கேட்டாலும் இரண்டு கணக்கையும் காட்டுங்கள் என்றேன் அண்ணாச்சியிடம்.